ஒரே மாடலில் இரண்டு செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஒன்றில் பேட்டரி ஹெல்த் 77, இன்னொன்றில் 100: எதை எடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தங்கை பொறியியல் முதலாண்டு சேர்கிறாள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் ஒரே மாடலில் இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், இரண்டும் 2019 தயாரிப்பு. பேட்டரி ரிப்போர்ட் எடுத்ததில் முதல் மெஷினில் டிசைன் கெப்பாசிட்டி 50,000 மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 38,600, சைக்கிள் கவுண்ட் 412. இரண்டாவதில் 50,000-க்கு 50,000, சைக்கிள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. "இது புது பேட்டரி சார், ஹெல்த் நூறு" என்று சொல்லிக் கடைக்காரர் 2,500 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? பொதுவாக எவ்வளவு தேய்மானம் வரை ஒத்துக்கொள்ளலாம்?

சோதித்துப் பார்க்க வழியே இல்லை, உடனே ஒன்றைச் சொல் என்றால் முதல் மெஷினைத்தான் சொல்வேன். 77 சதவீதம் என்றாலும் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. ஆறேழு வருடம் ஆன மெஷின், நானூற்றுச் சொச்சம் சைக்கிள், கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான தேய்மானம்: கணக்கு உதைக்கவில்லை. இரண்டாவதில் உள்ள 100 எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் வாயால்தான் தெரிய வேண்டியிருக்கிறது. ஆனால் சோதிக்க வழி இருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு மெஷின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பெரிய வசதி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த எண்கள் எங்கே பிறக்கின்றன என்று பார்ப்போம். லேப்டாப் பேட்டரி என்று நாம் சொல்வது வெறும் செல்கள் மட்டும் கிடையாது. செல்களோடு சேர்த்து உள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கும், அதில் கேஜ் சிப் என்று ஒன்று. உள்ளே போகிற கரண்ட், வெளியே வருகிற கரண்ட் இரண்டையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். மளிகைக் கடையில் பற்று வரவு நோட்டு எழுதுகிற மாதிரி. விண்டோஸ் தானாக எதையும் அளப்பதில்லை, அந்த நோட்டில் இருப்பதை வாங்கி நமக்குப் படித்துக் காட்டுகிறது. டிசைன் கெப்பாசிட்டி என்பது தொழிற்சாலையில் சிப்பின் நினைவகத்தில் எழுதி வைத்த ஒரு எண். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது "இப்போது என்னிடம் இவ்வளவு பிடிக்கும்" என்று சிப் போட்டு வைத்திருக்கும் மதிப்பீடு. டிசைன் எண்ணில் இது எத்தனை சதவீதமோ அதைத்தான் ஹெல்த் என்கிறோம். சைக்கிள் என்பது மொத்தமாக ஒரு முழு பேட்டரி அளவு கரண்ட் வெளியே போனால் ஒன்று. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டு நாளைக்கு ஒரு சைக்கிள்.

நோட்டு என்று இருந்தால் அதைத் திருத்தவும் முடியும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பழைய வண்டிகளுக்குப் பேர்போன புதுப்பேட்டை இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் பைக்கில் கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைப்பது பற்றிச் சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேட்டரி சிப்புக்கும் அதே வேலையைச் செய்யும் கருவிகள் உண்டு. செல் மாற்றிக் கட்டுபவர்களுக்கு அது நியாயமாகவே தேவைப்படும், ஏனென்றால் செல் புதிதானாலும் சிப் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். அதே கருவியை வைத்து, செல்லைத் தொடாமல் கணக்கை மட்டும் புதுசாக்குபவர்களும் இருக்கிறார்கள்.

இதற்காக உங்கள் கடைக்காரரை நான் திருடன் என்று சொல்லவில்லை. 50,000-க்கு 50,000 என்று காட்ட மூன்று காரணம் இருக்கலாம். உண்மையிலேயே புதிய ஒரிஜினல் பேட்டரியாக இருக்கலாம். கம்பேட்டிபிள், அதாவது இந்த மாடலுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனி செய்த பேட்டரியாக இருக்கலாம். அவற்றில் பலவற்றின் சிப் மேலே ஒட்டிய லேபிளில் உள்ளதை அப்படியே ஒப்பிக்கும், உள்ளே செல் என்ன தரம் என்பது வேறு விஷயம். அல்லது நான் சொன்ன கணக்குத் திருத்தம். இந்த மூன்றையும் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்று: புதிய ஒரிஜினல் பேட்டரியில்கூட ஃபுல் சார்ஜ் எண் டிசைன் எண்ணோடு அச்சு அசலாகப் பொருந்துவது அபூர்வம். சில நூறு மேலேயோ கீழேயோ இருக்கும். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால், அந்த சிப் இன்னும் எதையும் அளந்து பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அது குற்றம் இல்லை, ஆனால் அந்த 100-ஐ ஹெல்த் என்று சொல்லி 2,500 ரூபாய் கேட்கவும் முடியாது.

ரிப்போர்ட் எடுக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக அடித்தால், எந்த ஃபோல்டரில் ரிப்போர்ட் சேமிக்கப்பட்டது என்று காட்டும். பிரவுசரில் திறந்து பார்க்கலாம். மேக் என்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதிக்குப் போனால் சைக்கிள் கவுண்ட்டும் கண்டிஷனும் இருக்கும். கடந்த பதினைந்து வருடத்து மேக்புக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 1,000 சைக்கிள்.

விண்டோஸ் ரிப்போர்ட்டில் எல்லோரும் மேலே உள்ள அந்த இரண்டு எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழே போங்கள். பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி என்று ஒரு பட்டியல் இருக்கும், வாரம் வாரம் கெப்பாசிட்டி எப்படி இறங்கியது என்று. கடைகளில் விண்டோஸை அழித்து மறுபடி போட்டிருப்பார்கள், அதனால் பெரும்பாலும் சில நாள் சரித்திரம்தான் கிடைக்கும். கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. இன்ஸ்டால்டு பேட்டரீஸ் பகுதியில் தயாரிப்பாளர் பெயர், சீரியல் நம்பர் இரண்டையும் பாருங்கள். சீரியல் நம்பர் வெறும் பூஜ்ஜியங்களாகவோ ஒன்று என்றோ இருந்தால் அது லேப்டாப்போடு பிறந்த பேட்டரியாக இருக்க வாய்ப்புக் குறைவு. லெனோவோ மெஷின்களில் அந்தக் கம்பெனியின் வான்டேஜ் செயலி பேட்டரியின் தயாரிப்புத் தேதியையும் முதலில் பயன்படுத்திய தேதியையும் காட்டும். டெல் என்றால் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங் திரை) பேட்டரி ஹெல்த் என்று ஒரு வரி இருக்கும்.

இந்த மெஷின்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பேட்டரி ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். நான் பதினொரு வருடம் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் லேப்டாப்களுக்குக் கணக்கு வைத்திருந்தவன். மூன்று, நான்கு வருட லீஸ் முடிந்ததும் நூறு, இருநூறு என்று மொத்தமாக வேனில் ஏற்றி அனுப்புவோம். ரீஃபர்பிஷ்டு என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ஆபீஸ் மெஷின்தான். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் வரையிலான மெஷின்களும் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது. உங்கள் இரண்டும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டரியைவிட அது முக்கியம்.

சரி, ஆபீஸில் அந்த லேப்டாப் எப்படி வாழ்ந்தது? காலையில் மேஜை மேல் உள்ள டாக்கில் (சார்ஜும் மானிட்டரும் ஒன்றாக இணைக்கும் பெட்டி) செருகினால் மாலை வரை எடுப்பதில்லை. சிலர் வெள்ளிக்கிழமை செருகிவிட்டுப் போனால் திங்கட்கிழமைதான் தொடுவார்கள். பேட்டரி எந்நேரமும் 100 சதவீதத்தில், பக்கத்திலேயே சூடான பிராசஸர். நான் திரும்ப வாங்கிய மெஷின்களில் சைக்கிள் 60, ஹெல்த் 68 என்று இருந்தவை ஏராளம். முதலில் பார்த்தபோது எனக்கே குழப்பமாக இருந்தது. பயன்படுத்தாத பேட்டரி எப்படித் தேயும்?

தேயும். லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு விதமான வயது உண்டு. ஒன்று சார்ஜ் ஏறி இறங்குவதால் வருவது. இன்னொன்று சும்மா இருந்தாலே வருவது. உள்ளே கிராஃபைட் முனையின் மேல் எலக்ட்ரோலைட் வினைபுரிந்து ஒரு மெல்லிய படலம் உண்டாகும். முதல் சார்ஜிலேயே உருவாகும் அந்தப் படலம்தான் செல்லைக் காப்பாற்றுகிறது, அது இல்லாவிட்டால் செல் நிலைக்காது. ஆனால் அது வருடக்கணக்கில் மெதுவாகத் தடித்துக்கொண்டே போகும், தடிக்கும்போது பயன்படக்கூடிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். அந்த லித்தியம் திரும்பி வராது. சூடு கூடினாலும், சார்ஜ் உச்சத்தில் நின்றாலும் இந்த வேலை வேகமாக நடக்கும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பேட்டரி துறையில் பரவலாக எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு உள்ள செல்லில் 96 சதவீதம் மிஞ்சும். அதே வெப்பத்தில் முழு சார்ஜோடு வைத்தால் 80. 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜ் என்றால் 85, முழு சார்ஜ் என்றால் 65. செல்லுக்குச் செல் மாறும், ஆனால் போக்கு இதுதான். இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் வெளியே 40-ஐத் தொடும். தகரக் கூரை போட்ட குடோனில் அதற்கும் மேல். ஏ.சி. இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்து, சார்ஜரைச் செருகியபடி படம் பார்த்தால் லேப்டாப்புக்குள் 40 டிகிரி சர்வ சாதாரணம். குளிர் ஊர்க்காரர்கள் எழுதிய "நான்கு வருடத்தில் எனக்கு 90 சதவீதம் இருக்கிறதே" என்பதைப் படித்துவிட்டு இங்கே கடையில் போய்ச் சண்டை போடாதீர்கள். 2019 மெஷினில் சென்னையில் 77 என்பது, சொல்லப்போனால், நல்ல வளர்ப்பு.

குடோனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காலியான பேட்டரியோடு ஆறு மாதம், எட்டு மாதம் மூட்டையில் கிடந்தால், செல் தானாகவே இன்னும் இறங்கி, இறங்கக் கூடாத வோல்டேஜுக்குக் கீழே போய்விடும். அப்படிப் போன பேட்டரியைச் சில சமயம் பாதுகாப்பு சர்க்யூட்டே நிரந்தரமாகப் பூட்டிவிடும். அதை வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து எழுப்புபவர்கள் இருக்கிறார்கள். எழுப்பிய பேட்டரியை நான் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இனி சோதனை. பொதுவாகச் சொல்லப்படும் யோசனை, "ஃபுல் சார்ஜ் போட்டு அரைமணி நேரம் வீடியோ ஓட்டிப் பாருங்கள், எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது. நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்தப்பட்ட சிப்பிடம் இது பல நேரம் பலிக்காது. சிப் தன் பேட்டரி 50 வாட் அவர் (ரிப்போர்ட்டில் உள்ள 50,000 மில்லிவாட் அவர்தான் அது) என்று நம்புகிறது, அரைமணி நேரத்தில் 4 வாட் அவர் வெளியே போகிறது, அது 8 சதவீதம் குறைத்துக் காட்டும். உள்ளே உண்மையில் 30 வாட் அவர்தான் இருந்தாலும் அதே 8. ஆரம்பத்தில் பொய் அழகாக ஓடும். குட்டு வெளிப்படுவது அடியில்தான். 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும், பட்டென்று 6-க்கு விழும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

ஆகவே மேலே அல்ல, கீழே சோதியுங்கள். முதல் நாளே கடைக்குப் போன் போட்டு, இரண்டு மெஷினையும் 30 சதவீதத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். போனதும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, இரண்டிலும் வெளிச்சத்தை முழுசாக வைத்து, பேட்டரி சேவரை அணைத்து, பிராசஸரைத் திணறடிக்கும் ஏதாவது ஒரே வேலையைக் கொடுங்கள். பெரிய தெளிவில் வீடியோ, கூடவே ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட். இந்த வகை மெஷின் அப்போது சுமார் 25 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மெஷினில் 38.6-இல் 30 சதவீதம், அதாவது ஏறக்குறைய 11.6 வாட் அவர். 28 நிமிடம் தாங்க வேண்டும். இரண்டாவதில் 15 வாட் அவர். 36 நிமிடம் தாங்க வேண்டும். 25 வாட் என்பது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. ஒரே மாடல், ஒரே வேலை என்பதால் முதல் மெஷினே உங்களுக்குத் தராசு. நூறு சதவீதப் பேட்டரி, 77 சதவீதப் பேட்டரியைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிக நேரம் ஓடியாக வேண்டும். அதற்கு முன்னாலேயே அணைந்துவிட்டால், கடைக்காரரிடம் வாதம் செய்யத் தேவையில்லை. அவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருப்பார்.

இந்த நேரத்தில் முடிந்தால் வோல்டேஜையும் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற கருவி ஒரு பென்டிரைவில் இருந்தால் போதும். மூன்று செல் தொடராக உள்ள பேக்கில், 30 சதவீதத்தில், சும்மா இருக்கும்போது 11 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பளு கொடுத்ததும் கொஞ்சம் இறங்குவது இயல்பு. தடாலென்று பத்துக்கும் கீழே போனால் செல்லின் உள்தடை ஏறிவிட்டது. கெப்பாசிட்டி இருந்தும் கொடுக்க முடியாத நிலை அது. ரிப்போர்ட்டில் உள்தடை என்று ஒரு வரியே கிடையாது, அதனால்தான் 75 சதவீதம் காட்டும் சில பேட்டரிகள் கம்பைலர் மாதிரி கனமான மென்பொருளை ஓட விட்டால் அணைந்துபோகின்றன.

கடையில் இதற்கெல்லாம் நேரம் தரவில்லை என்றால்? பல கடைகளில் தர மாட்டார்கள், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. "பேட்டரி, சார்ஜருக்கு வாரண்டி கிடையாது, கன்ஸ்யூமபிள்" என்று பில்லிலேயே சீல் அடித்திருக்கும். மெஷினுக்குப் பதினைந்து நாளோ ஒரு மாதமோ டெஸ்டிங் வாரண்டி கொடுப்பார்கள். அதில் பேட்டரியையும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து பில்லில் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஹெல்த் நூறு" என்று சொல்லிப் பணம் கேட்பவர் ஒரு வாரத்துக்கு எழுதித் தரத் தயங்கினால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கு வந்த முதல் நாளே 100-இலிருந்து 5 வரை ஒரே மூச்சில் இறக்குங்கள். ஸ்லீப்பை அணைத்துவிட்டு வீடியோவை ஓட விட்டால் போதும். முடிந்ததும் மறுபடி ரிப்போர்ட் எடுத்தால், ரீசன்ட் யூசேஜ் பகுதியில் எந்த நேரத்தில் எத்தனை சதவீதம், எத்தனை மில்லிவாட் அவர் என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஃபுல் சார்ஜ் எண்ணும் பெரும்பாலும் இப்போது உண்மைக்கு நெருங்கி வந்திருக்கும். நேற்று 50,000 காட்டியது இன்று 34,000 காட்டினால், கடைக்குப் போக அந்த ஒரு பக்கமே போதும்.

எண்களெல்லாம் சரியாக இருந்தாலும், லேப்டாப்பை மூடி ஒரு கண்ணாடி ஷோகேஸ் மேல் வையுங்கள். நான்கு மூலையும் பதிய உட்கார வேண்டும். ஆடினால், டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருந்தால், அல்லது க்ளிக் ஆக மறுத்தால், கீழ்மூடி விளிம்பில் ஓர் இடைவெளி தெரிந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகிவிட்டது. விலை எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பேட்டரியோடு அந்த மெஷினை எடுக்காதீர்கள். வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சார்ஜரையும் பாருங்கள். டெல்லில் சார்ஜரின் நடு முள் வழியாக "நான் இத்தனை வாட்" என்று ஒரு தகவல் போகும். அது போகாவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், பழுது சார்ஜர் பின்னில்.

எவ்வளவு தேய்மானம் வரை ஒத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தீர்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்பது தொழிற்சாலைக் கணக்கு, செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு அது பொருந்தாது. குறிப்பு எடுப்பது, பிரவுசர், கொஞ்சம் கோடிங் என்றால் இந்த மாதிரி மெஷின் 8 முதல் 10 வாட் இழுக்கும். 38.6 வாட் அவரில் நான்கு மணி நேரம் கிடைக்கும். வகுப்பில் ப்ளக் பாயின்ட் தேடி அலைய வேண்டியதில்லை. 65 முதல் 80 வரை நான் கவலைப்படாமல் வாங்குவேன். 60-க்குக் கீழே என்றால் பேட்டரியே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுவேன். அதற்கு முன் பக்கத்துக் கடையில் அந்த மாடலுக்கு பேட்டரி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன், அதுதான் குறைக்கச் சொல்ல வேண்டிய தொகை. இரண்டு பேட்டரி உள்ள மாடல்கள் ஒரு தனி சங்கதி. உதாரணமாக திங்க்பேட் டி480-இல் உள்ளே 24 வாட் அவர் ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று. வெளியே உள்ளதை மட்டும் காட்டிவிட்டு உள்ளே செத்துக் கிடப்பதைச் சொல்லாமல் விடுவது உண்டு. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரி இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

புது பேட்டரி போட நேர்ந்தால், ஒரிஜினல் என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஹோலோகிராம் ஸ்டிக்கர் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. என் சொந்த மெஷினுக்கு ஒரு கடையில் சீல் பிரிக்காத ஒரிஜினல் வாங்கினேன். உண்மையிலேயே ஒரிஜினல்தான். ஆனால் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது, முதல் முழு சார்ஜில் 84 சதவீதம்தான் காட்டியது. சும்மா இருந்தே தேய்ந்தது என்று மேலே சொன்னேனே, அதற்கு நானே பணம் கொடுத்து வாங்கிய உதாரணம். பிராண்டைவிட தயாரிப்புத் தேதியை முதலில் கேளுங்கள். ஒழுங்கான வாரண்டியோடு வரும், போன வருடம் செய்த கம்பேட்டிபிள் பேட்டரி, மூன்று வருடம் அலமாரியில் தூங்கிய ஒரிஜினலைவிட மேல் என்பது என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத டெக்னீஷியன்கள் நிறைய பேர் உண்டு. லேபிளில் வாட் அவர் போடாமல் மில்லிஆம்பியர் அவர் மட்டும் போட்டிருந்தால் வோல்ட்டோடு பெருக்கிக்கொள்ளுங்கள். 4.4 ஆம்பியர் அவர், 10.8 வோல்ட் என்றால் 47.5 வாட் அவர்.

வாங்கிய பிறகு தங்கை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பயாஸிலோ கம்பெனியின் செயலியிலோ சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கும், டெல், லெனோவோ, எச்பி, ஆசுஸ் மாடல்கள் பலவற்றில் ஏதோ ஒரு பெயரில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் இரவு முழுவதும் ஹாஸ்டலில் செருகி வைத்தாலும் கவலையில்லை. வெளியூர் போகிற நாளில் மட்டும் 100. "முழுசாகக் காலி பண்ணித்தான் சார்ஜ் போடணும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், அது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். 1991-இல் சோனி முதல் லித்தியம் அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே அது இதற்குப் பொருந்தாது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுதாக இறக்கி ஏற்றினால் சிப்பின் கணக்கு சரியாகும், அவ்வளவுதான். தேய்ந்த கெப்பாசிட்டி வளராது. பழைய பேட்டரி வீட்டில் கிடந்தால் குப்பை வண்டியில் போடாதீர்கள், வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

கடைசியாக, சனிக்கிழமை மாலை போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் அரைமணி நேரம் இரண்டு மெஷினை கவுண்டரில் ஓட விடச் சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் கோபம்தான் வரும். வார நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், பதினொன்றரை வாக்கில், சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்து போங்கள். அந்த நேரத்தில் பையன்கள் டீ குடித்துக்கொண்டு சும்மாதான் இருப்பார்கள், ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். இரண்டாவது மெஷின் முதல் மெஷினைவிட நான் சொன்ன அந்த 30 சதவீதம் கூடுதல் நேரம் ஓடினால் அந்த 2,500-ஐத் தாராளமாகக் கொடுக்கலாம், கொஞ்சம் பேசிக் குறைத்துக்கொண்டு.